இரவற் கருவியில் எழுதும் தமிழ்

உழவன் கையிலுள்ள கலப்பை அவனுடையதாக இல்லையாயின், அவன் விளைவித்த நெல்லும் நெடுநாள் அவனுடையதாக இராது. தன் உளியைத் தானே தீட்டிக்கொள்ளும் உரிமையில்லாத தச்சன் தச்சனாகான், கூலியாளே ஆவான். கருவியின் உரிமை எவனிடம் உள்ளதோ, வினையின் உரிமையும் நாளடைவில் அவனிடமே போய்ச் சேரும். இஃது உலகெங்கும் உழைப்பாளர் பட்டறிந்த உண்மை.

இக்காலத்தில் எழுத்துத் தொழிலின் கருவி கணிப்பொறி. மடல் வரைவதும், நூல் கோப்பதும், கணக்கெழுதுவதும், பள்ளிப் பாடம் பயில்வதும், அரசாணை பிறப்பிப்பதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. அப்பொறியை உள்ளிருந்து இயக்குவது மென்பொருள். அம்மென்பொருள் யாருடையது? அதனைத் திறந்து பார்க்கும் உரிமை யார்க்குண்டு? அதனை ஒரு நாள் நிறுத்திவிடும் ஆற்றல் யாரிடம் உள்ளது? ஒரு தொடரில் ஒரு வடசொல் புகுந்திருப்பின் அதனை நுனித்து நோக்கிக் களையும் தமிழ்ப் பற்றாளருள்ளும், இவ்வினாக்களை எழுப்பினோர் மிகச் சிலரே. சொல் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்று கவல்கின்றவர், அச்சொல்லை எழுதும் கருவி பிறன் பூட்டிய கருவியாக இருப்பதைப் பற்றிக் கவலாதிருப்பது முரணே ஆகும்.

பெரும்பாலான தமிழர் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் உள்ள கணிப்பொறிகளை இயக்குவது மைக்குரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு என்னும் இயங்குதளம். அதனை விலை கொடுத்துப் பெறுகின்றவன் உண்மையில் அதனை வாங்குவதில்லை. மென்பொருள் விற்கப்படவில்லை, பயன்படுத்திக்கொள்ள இசைவே அளிக்கப்படுகின்றது என்று அதன் உரிம ஆவணமே கூறுகின்றது. அதன் மூலநிரலை அவன் காண இயலாது. பிழையிருப்பின் திருத்த இயலாது. நண்பனுக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தாற் குற்றம். இவ்வளவு கட்டுகளோடு கூடிய ஒன்றை உடைமை என்று சொல்வதற்கில்லை. அது வாடகைப் பொருளே.

கட்டறுத்த வரலாறு

இந்நிலையை எதிர்த்து எழுந்த குரல் அமெரிக்காவிலேயே தோன்றிற்று. மாசாசூசெட்டுசு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய இரிச்சர்டு சுடால்மன் என்பார், 1983 செப்தம்பர் 27-ஆம் நாள், குனூ என்னும் பெயரில் முழுமையும் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989-இல் குனூ பொது உரிமம் வெளிவந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக் கழகத்து மாணவராகிய இலினசு தோர்வால்டுசு, இலினக்சு என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார்; அடுத்த ஆண்டே அதனைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். இவ்விரு முயற்சிகளும் இணைந்ததனால் முழுமையான ஓர் இயங்குதளம் மாந்த இனத்திற்குக் கிடைத்தது. தெபியன், உபுண்டு, மிண்டு முதலியன அதன் வெவ்வேறு தொகுப்புகளே.

அக்கொள்கை நான்கு உரிமைகளைக் கேட்கின்றது. மென்பொருளை எப்பயனுக்கும் இயக்கும் உரிமை; அது செயற்படும் முறையை ஆய்ந்து தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை; படியெடுத்துப் பிறர்க்கு வழங்கும் உரிமை; தான் திருத்தியதையும் பிறர்க்கு வழங்கும் உரிமை. இந்நான்கும் உள்ளது கட்டற்ற மென்பொருள். இவற்றுள் ஒன்று குறையினும் அது கட்டுண்டதே.

ஈண்டுத் தமிழின் சொல்வளம் ஓர் அரிய பயனை நல்குகின்றது. ஆங்கிலத்தில் விடுதலை பெற்றது என்பதற்கும் விலையில்லாதது என்பதற்கும் ஒரே சொல்லே வழங்குகின்றது. அதனால் சுடால்மனும் அவர்தம் தோழரும், தாம் பேசுவது விலையைப் பற்றியன்று, உரிமையைப் பற்றியது என்று நாற்பதாண்டுகளாக ஒவ்வொரு மேடையிலும் விளக்கவேண்டியதாயிற்று. தமிழுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. ஒருவன் விலையில்லாமல் வாங்கிய அரிசியைத் தின்று தீர்க்கலாம். கட்டற்ற விதைநெல்லை விதைத்து, அறுத்து, அண்டை வீட்டானுக்கும் அளிக்கலாம். பெரு நிறுவனங்கள் விலையின்றித் தரும் செயலிகள் பல, முன்னதைச் சேர்ந்தவை. இவ்வேறுபாட்டைச் சொல்லளவிலேயே உணர்த்தவல்ல மொழியைப் பேசுகின்றவர், அதனைச் செயலளவில் மறந்திருத்தல் தகாது.

தமிழ்நாட்டில் அறிஞர்தம் நூல்களை அரசு நாட்டுடைமையாக்குவதைத் தமிழர் நன்கறிவர். பாவாணர் நூல்கள் நாட்டுடைமையானபின், அவற்றை எவரும் பதிப்பிக்கலாயிற்று. கட்டற்ற உரிமமும் அத்தகையதே; ஆயின் குனூ பொது உரிமம் அதனினும் ஒருபடி மேலானது. அதன் கீழுள்ள மென்பொருளை ஒருவன் மாற்றி வெளியிடுவானாயின், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமைகளோடுதான் வழங்குதல் வேண்டும். பொதுக்கிணற்று நீரை மொண்டு குடிக்கலாம். அதனைச் சுற்றிச் சுவரெழுப்பித் தனதென்று சொல்லலாகாது என்பது அதன் சாரம்.

ஓலையும் கோப்பும்

கழக நூல்கள் இன்று தமிழர் கைக்கு வந்துள்ளமை எதனால்? ஏட்டைப் படியெடுப்பார்க்குத் தடையில்லாமையால். ஓர் ஓலை செல்லரிக்கும் முன்னர் மற்றோர் ஓலையில் அஃது எழுதப்பட்டது. அவ்வாறு வழிவழியாக வந்த ஏடுகளைத் தேடித் தொகுத்ததனாலேயே, சி. வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதர் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்ற முடிந்தது. படியெடுத்தல் குற்றமென்றும், ஏட்டைப் படிப்பதற்கு ஏட்டின் உரிமையாளர் விற்கும் கண்ணாடியே வேண்டுமென்றும் அக்காலத்தே விதியிருந்திருப்பின், தமிழின் செவ்வியல் நூல்கள் என்றோ மண்ணாகியிருக்கும்.

இது வெறும் உவமையன்று. அத்தகைய அழிவு தமிழ்க் கணிப்பொறித் துறையில் உண்மையாகவே நேர்ந்தது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கிய ஒவ்வொரு நிறுவனமும், ஆங்கில எழுத்துகளுக்குரிய இருக்கைகளில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் அமர்த்திற்று. ஒருவர் எழுத்துருவில் தட்டெழுதியதை மற்றவர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. எழுத்துருவை விற்றவன் கடையை மூடினால், அதில் எழுதியவை யாவும் ஊமையாயின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தாம், தாபு என்னும் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பெற்றன. 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறியைத் தமிழ்நாட்டரசு 2010-இல்தான் ஆணையிட்டு ஏற்றது. அதற்குள் எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை வீணாயின என்பதைக் கணக்கிடுவார் இலர். மாறாக, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், திறந்த முறையில் கலந்துரையாடி வகுத்த திசுகிக் குறியீட்டைக் கையாண்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாறிற்று. குறியீட்டின் அமைப்பு யாவர்க்கும் வெளிப்படையாக இருந்தமையால் மாற்றுதல் இயன்றது. திறந்த முறை பிழைக்கும். பூட்டிய முறை தன் முதலாளியோடு சாகும் என்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

அவ்விடர் இன்னும் தீர்ந்தபாடில்லை. தமிழ் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் பக்கங்களைக் கோப்பது பேச்மேக்கர் என்னும் மென்பொருளே. அதன் இறுதிப் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அதற்கு ஒருங்குறி தெரியாது. ஆகலின் பழைய எழுத்துருக்களே அங்கு ஆட்சி செய்கின்றன. அச்சான நூல் கையிலிருந்தும், அதன் கோப்பில் ஒரு சொல்லைத் தேடிக் காண இயலவில்லை. இதனினும் கொடியது, இத்தகைய மென்பொருள்கள் பல இடங்களில் விலை கொடுத்துப் பெறாத களவுப் படிகளாகவே உள்ளமை. அறம் பேசும் நூல் களவுக் கருவியில் கோக்கப்படுதல் தமிழர்க்குப் பெருமையாகாது. இலிப்ரே ஆபிசு, சுகிரைபசு, இங்குசுகேப்பு, கிம்ப்பு முதலிய கட்டற்ற மென்பொருள்கள் எழுத்துப் பணிக்கும் பக்கக் கோப்பிற்கும் படவேலைக்கும் உள்ளன. அவற்றுள் சுகிரைபசின் 1.6-ஆம் பதிப்பு 2024-இல் வெளிவந்தது. தமிழ் எழுத்துகளை அது முறையாகக் கோக்கும். களவும் வேண்டா, கப்பமும் வேண்டா.

ஊர்களும் நாடுகளும் கற்ற பாடம்

பூட்டிய கருவியை நம்பியோர்க்கு நேரும் இடருக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. குசராத்தில் பெரிய எண்ணெய்த் தூய்விப்பாலையை நடத்திவரும் நயாரா எனர்சி நிறுவனத்தில் உருசிய நிறுவனமொன்றுக்குப் பங்குண்டு. அதனை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2025 சூலைத் திங்களில் அதன்மீது தடை விதித்தது. இந்தியச் சட்டத்தின்படி அந்நிறுவனம் எத்தடைக்கும் உட்படவில்லை. ஆயினும் மைக்குரோசாப்டு, அந்நிறுவனத்தின் மின்னஞ்சல் முதலிய பணிகளை நிறுத்திவிட்டது. நயாரா தில்லி உயர் வழக்குமன்றத்தை நாடிற்று. சில நாள்களில் அப்பணிகள் மீண்டும் திறக்கப்பட்டன. இங்கு யார் பக்கம் முறை இருந்தது என்பதன்று வினா. பணம் கொடுத்துப் பெற்ற கருவியை எங்கோ இருக்கும் ஒருவன் ஒரு நாளில் முடக்க முடிந்தது என்பதே நோக்கத்தக்கது. தன் மின்னஞ்சல் வழங்கியைத் தன் மனைக்குள்ளேயே கட்டற்ற மென்பொருளால் நடத்துகின்றவனை அவ்வாறு முடக்குதல் எளிதன்று.

எளிய இல்லத்தானும் இதற்கு விலக்கல்லன். 2025 அக்தோபர் 14-ஆம் நாளுடன் விண்டோசு 10-க்கான பொதுக் காப்புதவி முடிந்தது. தனியே பதிந்துகொண்டார்க்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோசு 11, பழைய செயலிகளையும், காப்புச் சில்லு இல்லாத பொறிகளையும் ஏற்பதில்லை. விசைப்பலகை தேயாத, திரை மங்காத, நல்ல நிலையிலுள்ள கணிப்பொறி, ஒரு நிறுவனத்தின் நாட்குறிப்பினால் பழம்பொருளாகின்றது. அதே பொறியில் மிண்டையோ தெபியனையோ நிறுவினால், 4 கிகாபைட்டு நினைவகத்திலும் அது மடலெழுதவும் இணையம் காணவும் பள்ளிப் பாடம் பயிலவும் இன்னும் பல்லாண்டு பயன்படும்.

அரசுகள் இதனை உணரத் தொடங்கியுள்ளன. பிரான்சு நாட்டின் ஊர்க்காவற் படையாகிய செண்டார்மெரி, 2008 முதல் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்திற்கு மாறி, 70,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை அதில் இயக்கிவருகின்றது. செருமனியின் சுலெசுவிக்கு-ஓல்சுட்டைன் மாநில அரசு, தன் 30,000 பணிக் கணிப்பொறிகளை இலிப்ரே ஆபிசுக்கு மாற்றும் முடிவை 2024 ஏப்பிரலில் அறிவித்தது. அதே செருமனியின் மூனிச்சு நகராட்சியோ, 2003-இல் எடுத்த முடிவின்படி ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகளை 2013-க்குள் இலினக்சுக்கு மாற்றிய பின்னர், 2017-இல் மீண்டும் விண்டோசுக்குத் திரும்ப முடிவெடுத்தது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். கருவியின் திறம் மட்டும் போதாது. ஆள்வோர் மாறினும் மாறாத மனவுறுதியும் வேண்டும்.

நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. அண்டைக் கேரளத்தில், 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றபோது சுடால்மன் நேரில் வந்திருந்தார். அம்மாநில அரசு 2007-ஆம் ஆண்டுக் கொள்கையிற் கட்டற்ற மென்பொருளுக்கு இடமளித்தது. அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகள் கட்டற்ற இயங்குதளத்திலேயே இயங்குகின்றன. ஆசிரியர்க்கு அதில் பயிற்சி, பாடநூலும் அதனையொட்டியே, தேர்வும் அதிலேயே. இம்மூன்றும் ஒருசேர அமைந்தமையால் அம்முயற்சி வேரூன்றிற்று.

தமிழ்நாட்டிலும் தொடக்கம் இல்லாமற் போகவில்லை. எல்காட்டு நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணிப்பொறிகளை இலினக்சுக்கு மாற்றிற்று. தெபியனை அடிப்படையாகக் கொண்ட பாசு என்னும் இயங்குதளம் சென்னையிலேயே உருவாக்கப்பெற்றது. 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசோடு அதுவும் இடம்பெற்றது. 2014-இல் விண்டோசு எக்சுபியின் காப்புதவி முடிந்தபோது, பாசு இயங்குதளத்தை நிறுவுமாறு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்திற்று. ஆயினும் கேரளத்திற் போல் பயிற்சியும் பாடமும் தேர்வும் அதனொடு பிணைக்கப்படவில்லை. ஒரே பொறியில் இரண்டு வாயில்களை அமைத்து, ஒன்றன் வழியை மட்டும் பிள்ளைக்குக் காட்டினால், பிள்ளை மற்றதன் பக்கம் திரும்பாது. விதையிட்டு நீர் பாய்ச்சாது விட்டவன், விதையைப் பழித்தல் முறையன்று.

மறுப்பும் விடையும்

இலினக்சும் வெளிநாட்டார் ஆக்கியதுதானே, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவதால் தமிழுக்கு என்ன ஊதியம் என்று சிலர் வினவுவர். அச்சுக்கலையும் வெளிநாட்டாரோடு வந்ததே. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியது போர்த்துக்கீசியர் முயற்சியால். அதற்காகத் தமிழர் அச்சை ஒதுக்கவில்லை. எழுத்தை வார்க்கவும் பொறியை இயக்கவும் தாமே கற்றனர். கற்றதனால் அக்கலை தமிழர்க்குரியதாயிற்று. ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதினும், அதனுள் தமிழன் கைவைக்க இயலுமா என்பதே பெரிது. கட்டற்ற மென்பொருளில் இயலும், பூட்டியதில் இயலாது.

மைக்குரோசாப்டும் தமிழ் முகப்புத் தந்துள்ளதே என்பது அடுத்த மறுப்பு. தந்துள்ளது உண்மை. ஆனால் அங்கே எச்சொல் வரவேண்டும் என்று முடிவெடுப்பது அந்நிறுவனம். பிழையான சொல்லைக் கண்டு தமிழறிஞர் நூற்றுவர் முறையிட்டாலும், திருத்துவதும் திருத்தாமையும் உரிமையாளர் விருப்பமே. தமிழ் முகப்பையே நாளை நீக்கிவிடினும் கேட்பாரில்லை.

மாறினால் இடர்ப்பாடே இராதா என்பது மூன்றாவது வினா. இருக்கும். விண்டோசில் மட்டுமே இயங்கும் கணக்கெழுது மென்பொருள்கள் உள. சில அச்சுப்பொறிகள் முரண்டும். பழைய எழுத்துருவிலுள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல் பொறுமைக்குரிய வேலை. இவற்றை மறைத்துப் பரப்புரை செய்வது பயன் தராது. ஆயின் வழி உண்டு. முதற்கண் விண்டோசை விடாமலே, பயர்பாக்சையும் இலிப்ரே ஆபிசையும் பயன்படுத்திப் பழகலாம். கோப்புகளை, 2006-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏற்ற திறந்த ஆவண வடிவத்திற் சேமிக்கலாம். அடுத்து, ஒரு விரற்கோலில் இலினக்சை ஏற்றி, கணிப்பொறியில் எதனையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். பின்னரே முழுமையாக மாறலாம். தமிழ்99 விசைப்பலகையும் தட்டச்சுப்பொறி விசைப்பலகையும் அங்கும் உண்டு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் நன்று. கட்டற்ற மென்பொருள் தமிழர்க்குப் புதியதன்று. அறியாமலே ஒவ்வொருவரும் அதனைக் கையாண்டு வருகின்றனர். ஆண்டிராய்டுச் செல்பேசியின் அடியில் இயங்குவது இலினக்சுக் கருநிரல். திரையில் ‘கெ’ என்னும் எழுத்தின் கொம்பை மெய்க்கு முன்னும், ‘கா’ என்பதன் காலைப் பின்னும் முறையாக அமர்த்தித் தருவது ஆர்பபசு என்னும் கட்டற்ற நிரல். பயர்பாக்சும் இலிப்ரே ஆபிசும் ஆண்டிராய்டும் அதனையே நம்பியுள்ளன. அச்சு நூலின் படத்திலிருந்து தமிழெழுத்தை அறிந்து தரும் தெசராக்டும் கட்டற்றதே. தமிழ் விக்கிப்பீடியா நிற்பதும் அத்தகைய மென்பொருளின் மீதுதான். மலையாளக் கணிமைக் குழுவினர், மீரா இனிமை என்னும் கட்டற்ற எழுத்துருவைத் தமிழுக்கு ஆக்கி அளித்துள்ளனர். அண்டை மொழியார் தமிழுக்கு எழுத்துரு வார்த்துத் தருகையில், தமிழர் வாளாவிருத்தல் நாணத்தக்கது.

தமிழ்ப் பற்றாளர்க்குரிய பணி

உண்மையை ஒளியாது சொல்லின், கட்டற்ற மென்பொருள்களின் தமிழ் முகப்புகள் இன்னும் நிறைவடையவில்லை. சில இடங்களில் ஆங்கிலம் அப்படியே நிற்கின்றது. சில இடங்களில் வடசொற்கள். வேறு சில இடங்களிற் பொருள் விளங்காத சொல்லாக்கங்கள். உழைக்கும் கைகள் சிலவே. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் போன்ற முயற்சிகளில் ஈடுபட்டுள்ள இளைஞர் சிலர், தம் ஓய்வு நேரத்தில் இப்பணியைச் செய்து வருகின்றனர். அவர்க்கு நிரல் தெரியும்; சொல்லாக்கத் துணையே வேண்டியுள்ளது.

தனித்தமிழ் அன்பரிடமோ, 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த இயக்கத்தின் நூறாண்டுச் சொற்செல்வம் உள்ளது. அச்செல்வம் அகரமுதலிகளிலும் மாநாட்டு மலர்களிலும் அடங்கிக் கிடக்கின்றது. ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் நாள்தோறும் காணும் பட்டியில் ‘சேமி’, ‘ஒட்டு’, ‘தேடு’ என்று நிற்கும் சொல், அகரமுதலியில் உறங்கும் ஆயிரம் சொற்களினும் ஆற்றல் மிக்கது. அச்சொல்லை இடும் வாய்ப்பு, இலிப்ரே ஆபிசு, பயர்பாக்சு, குனோம், கேடியி ஆகிய மென்பொருள்களில் எவர்க்கும் திறந்தே உள்ளது. நிரலெழுதத் தெரிந்திருத்தல் வேண்டுவதில்லை. தமிழ் தெரிந்தாற் போதும்.

ஆகலின் தமிழ்ப் பற்றாளர் ஒவ்வொருவரும் தம் கணிப்பொறியில் ஒரு கட்டற்ற மென்பொருளையேனும் இத்திங்களே நிறுவுதல் வேண்டும். தமிழ் மன்றங்கள், தம் பழங்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியைத் தொடங்குதல் வேண்டும். புலவர்கள், மென்பொருள் முகப்புகளின் சொற்களைத் திருத்தும் குழுக்களில் இடம்பெறுதல் வேண்டும். பள்ளிகளிற் கட்டற்ற இயங்குதளத்தைப் பாடமாகவும் தேர்வாகவும் வைக்குமாறு தமிழ்நாட்டரசை வற்புறுத்துதல் வேண்டும். சொல்லைக் காத்தவர் சொல்லெழுதும் கருவியையும் காத்தாலன்றி, காத்த சொல்லும் நிலைபெறாது. பூட்டின் திறவுகோல் பிறன் மடியில் இருக்கும்வரை, வீடு தன்னுடையதென்று எவனும் நெஞ்சுயர்த்திச் சொல்லல் ஆகாது!